தெருமுனை வரை நடந்தால் 83
அப்பாவுக்கு நுரையீரல் தழும்பேறும் நோய். வீட்டு ஆக்சிஜன் மெஷினில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் விரல் மீட்டர் ரத்த ஆக்சிஜன் 94 சதவீதம் என்று காட்டும். தோளில் மாட்டும் மெஷினிலும் அதே 2 வைத்துத் தெருமுனை வரை நடந்தால் 83. பழுது என்று நினைத்து விற்றவரிடம் சண்டையே போட்டேன்.

தோள் மெஷினில் இருக்கும் 2 என்பது லிட்டர் கணக்கே இல்லையாம். பெரிய மெஷின் விடாமல் தரும். இது மூக்கால் இழுக்கும்போது மட்டும் ‘புஸ்’ என்று கொஞ்சம் விடும். மூச்சிரைத்ததும் அப்பா வாயைத் திறந்துவிடுவார். அப்புறம் மெஷினுக்கு அவர் மூச்சு பல நேரம் தெரியாமல் போய்விடும்.

டாக்டர் அதே மெஷினோடு 6 நிமிடம் நடக்கவைத்துப் பார்த்து, நடக்கும்போது 4 என்று எழுதித் தந்தார். இப்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து ஊதியபடி நடக்கிறார். பெரும்பாலும் 90 நிற்கிறது. பேட்டரிதான் சீக்கிரம் தீர்கிறது. பையில் இன்னொன்று வைத்திருக்கிறோம்.