ராஸ்பெர்ரி பையில் ஃப்ரீபிஎஸ்டி: வைஃபை வரவழைப்பது எப்படி?

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு ஒற்றைப் பலகைக் கணினியில் ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற இயங்குதளத்தைப் போட்டாயிற்று. ஈதர்நெட் ஓடுகிறது, வைஃபையை மட்டும் காணோம். பலகையில் பழுதில்லை. அதிலுள்ள வைஃபை சிப்புக்கு இந்த வெளியீட்டில் டிரைவரே (சிப்பை இயக்கும் மென்பொருள்) கிடையாது. லினக்ஸ் டிரைவரை எடுத்துப் போடலாமே என்றால், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேறு, ஒட்டாது. பேசாமல் யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கடையில் பெட்டி மேலுள்ள பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடலிலேயே வெர்ஷன் மாறினால் உள்ளே சிப்பும் மாறிவிடும். எனக்கு ஒரு டாங்கிள் அப்படித்தான் வீணானது. ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூ சிப் இருந்தால் நல்லது. விலை குறைவு, ஆர்டிடபிள்யூஎன் என்ற அதன் டிரைவர் ஃப்ரீபிஎஸ்டியுடனேயே வருகிறது.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன்; நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

டாங்கிளைச் செருகி, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து 'யூஎஸ்பிகான்ஃபிக்' அடியுங்கள். பட்டியலில் ரியல்டெக் தெரிய வேண்டும். அப்புறம் 'கேஎல்டிலோட் இஃப்_ஆர்டிடபிள்யூஎன்_யூஎஸ்பி'. டிரைவர் ஏற்கனவே ஏறியிருக்கிறது என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம், கணினியே ஏற்றிவிட்டது என்று அர்த்தம். 'டிமெசேஜ்' (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்து) அடித்தால் கடைசி வரிகளில் ஆர்டிடபிள்யூஎன்0 என்று இருக்கும். அது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, ஈடிசி கோப்புறையில் டபிள்யூபிஏ_சப்ளிகன்ட்.கான்ஃப் என்ற கோப்பை உருவாக்குங்கள். 'நெட்வொர்க்', சமக்குறி, நெளி அடைப்புக்குறி. அதற்குள் எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) ஒரு வரி, பிஎஸ்கே (கடவுச்சொல்) ஒரு வரி. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கட்டும். கடவுச்சொல் அப்பட்டமாக இருப்பதால் 'சிஹெச்மோட் 600' என்பதைக் கோப்பின் பெயரோடு கொடுத்துப் பூட்டுங்கள்.

அதே கோப்புறையின் ஆர்சி.கான்ஃபில் இரண்டு வரி: 'டபிள்யூலேன்ஸ்_ஆர்டிடபிள்யூஎன்0' என்பதற்கு 'டபிள்யூலேன்0', 'இஃப்கான்ஃபிக்_டபிள்யூலேன்0' என்பதற்கு 'டபிள்யூபிஏ சிங்க்டிஹெச்சிபி' (சிங்க் என்பது எஸ், ஒய், என், சி), இது மட்டும் பேரெழுத்தில். மதிப்புகள் இங்கேயும் இரட்டை மேற்கோளுக்குள்தான்.

இப்போது ரீபூட். நெட்வொர்க் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலும் போதும். ஆனால் எஸ்எஸ்ஹெச்சில் (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக நுழைவது) இருந்துகொண்டு செய்யாதீர்கள். நான் செய்தேன், இணைப்பு அறுந்து, கூடத்து டிவியைக் கழற்றிக்கொண்டு வந்து ராஸ்பெர்ரி பையில் திரையாக மாட்ட வேண்டியதாயிற்று.

'இஃப்கான்ஃபிக் டபிள்யூலேன்0' அடித்து, ஸ்டேட்டஸ் வரியில் 'அசோசியேட்டட்' என்று வந்தால் சரி. வரவில்லையா? ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். இந்தச் சிப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.