ஃப்ரீகேடில் முதல் தகடு வரைவோம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேசர் கட்டிங் பட்டறைக்குத் தகடு வெட்டப் போனால் முதல் கேள்வியே, "டிஎக்ஸ்எஃப் இருக்கா?" என்பதுதான். வெட்ட வேண்டிய கோடுகளைச் சொல்லும் கணினி வரைபட ஃபைல் அது. அந்த ஃபைலை நீங்களே செய்துகொள்ளலாம். ஃப்ரீகேட் கணினியில் வரைவதற்கான இலவச மென்பொருள். ஒரு மோட்டாரைத் தாங்கும் 100-க்கு 60 மி.மீ. தகடு, அதில் இரண்டு போல்ட் துளை: இதை வரைந்து பழகுவோம்.

புது ஃபைல் திறந்து, பார்ட் டிசைன் வொர்க்பெஞ்சுக்கு (பாகங்களை வடிவமைக்கும் கருவிகள் உள்ள பகுதி) போங்கள். ஒரு பாடி (பாகம் உருவாகும் கூடு) உருவாக்கி, ஸ்கெட்ச் (தட்டையான கோட்டுப் படம்) கொடுத்து, எக்ஸ்-ஒய் தளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கைக்கு வந்த அளவில் ஒரு செவ்வகம், உள்ளே இரண்டு வட்டம். பெரிதும் சிறிதுமாக இருந்தாலும் பரவாயில்லை. வரைபலகையில் டிராஃப்டர் வைத்துக் கையால் வரைந்து பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கூசும். அங்கே அளந்த பிறகுதான் பென்சில் வைப்போம். இங்கே வரைந்த பிறகுதான் அளவு.

இந்த வழக்கம் 1963-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 கணினித் திரையில் ஒளிப்பேனாவால் கோடு இழுத்து, இவை இணை, இவை சம நீளம் என்று சொன்னால் படம் தானாகச் சரியாகிக்கொள்ளும். அப்படிச் சொல்லிக் கோடுகளைக் கட்டிப்போடுவதற்குப் பெயர் கன்ஸ்ட்ரெயின்ட். கணினி வரைவில் வேறு எதைக் கற்பதற்கு முன்பும் இதைக் கற்க வேண்டும் என்பேன்.

சரி, நம் படத்தையும் அப்படிக் கட்டுவோம். அகலம் 100, உயரம் 60. எதிரெதிர் மூலைகள் இரண்டு, அப்புறம் அச்சுகள் வெட்டிக்கொள்ளும் மையப்புள்ளி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துச் சமச்சீர் கன்ஸ்ட்ரெயின்ட் கொடுங்கள். வட்ட மையங்கள் இரண்டையும் கிடை அச்சில் வையுங்கள்; அதனதன் பக்க விளிம்பிலிருந்து 15. வட்டங்கள் சமம், விட்டம் 9, அதாவது 8 மி.மீ. போல்ட் தாராளமாக இறங்கும் அளவு. கடைசி அளவு விழுந்ததும் ஸ்கெட்ச் முழுக்கப் பச்சையாகும். அந்தப் பச்சை வராமல் மூடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு வட்டத்தைக் கட்டாமல் விட்டேன்; மவுஸ் பட்டு 2 மி.மீ. நகர்ந்திருக்கிறது. வெட்டி வந்த தகட்டில் போல்ட் இறங்கவே இல்லை.

ஸ்கெட்ச்சை மூடி, பேட் கொடுத்து 6 மி.மீ. தடிமன் ஏற்றுங்கள். தகடு தயார். மறுபடி ஸ்கெட்ச்சைத் திறந்து 100-ஐ 120 ஆக்கிப் பாருங்கள்: துளைகளும் விளிம்போடு சேர்ந்தே நகரும். டிசைன் பிரிவில் இருப்பவர்கள் நாள் முழுக்க நம்பியிருப்பது இதைத்தான். ஒரு அளவு மாறினால் மொத்தப் படத்தையும் அழித்து வரைய வேண்டியதில்லை. இதே மாடலை வைத்து வலிமையைச் சோதிக்கலாம், சிஎன்சி இயந்திரத்துக்கு (கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரம்) வெட்டும் பாதையும் எழுதலாம்.

(நேர்கோடு மட்டும் போதாத வேலைகளும் உண்டு. இன்று ஒரகடத்தில் கார் தயாரிக்கும் ரெனோவின் பொறியாளர் பியர் பெசியே, 1960-களில் கார் உடலின் வளைவுகளுக்காகக் கையாண்ட கணிதம்தான் பெசியே வளைவு.)

கடைசியாக, அளவை மறுபடி 100 ஆக்கி, ஸ்கெட்ச்சைத் தேர்ந்தெடுத்து டிஎக்ஸ்எஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். மில்லிங் (சுழலும் கருவியால் குடைந்து வெட்டும்) வேலை என்றால் மாடலைத் தேர்ந்தெடுத்து, முப்பரிமாண வடிவம் முழுதும் உள்ள ஸ்டெப் ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள். டிஎக்ஸ்எஃப்பில் தடிமன் இருக்காது, "6 மி.மீ., எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்), 2 எண்ணம்" என்று தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.