லேசான 4x4 வண்டிக்கு ஆஃப்-ரோடு டயர்: எடையை மறந்து வாங்காதீர்கள்

சென்னையில் ஜிம்னியோ பழைய ஜிப்ஸியோ வைத்திருக்கும் பலருக்கு, கம்பெனி டயர் தேய்வதற்கு முன்பே ஆஃப்-ரோடு டயர் மேல் ஆசை வந்துவிடுகிறது. ஆசையில் தப்பில்லை. ஆனால் கடையில் நம் கண்ணை இழுக்கும் டயர்களில் பல, ஃபார்ச்சூனர், பிக்-அப் மாதிரி கனமான வண்டிகளை மனதில் வைத்துச் செய்தவை. ஃபார்ச்சூனர் 4x4 இரண்டு டன்னைத் தாண்டும். ஐந்து கதவு ஜிம்னி சுமார் 1,200 கிலோ, ஜிப்ஸி அதற்கும் குறைவு. டயர் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தை மறப்பதால் வருபவை.

முதலாவது, 'ப்ளை (டயரின் பலத்தைக் குறிக்கும் அடுக்குக் கணக்கு) கூடினால் பலம்' என்ற நம்பிக்கை. டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 96 எஸ் என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 180 கி.மீ. வேகம் வரை. நான்குக்கும் சேர்த்து 2,840 கிலோ. ஆளும் சாமானும் நிரம்பினாலும் ஜிம்னிக்கு அனுமதித்த மொத்த எடை 1,545 கிலோதான். சாதாரண டயரிலேயே இவ்வளவு மிச்சம் இருக்கும்போது, எல்.டி. (லைட் டிரக்) முத்திரை போட்ட 10 ப்ளை டயர் எதற்கு? கல்லும் மேடும் வரும் இடத்தில் டயர் வளைந்து கொடுத்து, கல்லைக் கவ்விப் பிடிக்க வேண்டும். லேசான வண்டியால் அந்தக் கனத்த பக்கச்சுவரை அழுத்தி வளைக்க முடியாது. காற்றைக் குறைத்தாலும் விறைத்துக்கொண்டே நிற்கும். ஊருக்குள் வந்தால் வேளச்சேரிப் பக்கத்துப் பள்ளம் ஒவ்வொன்றும் நேராக முதுகில் இறங்கும். டயரின் எடையும் கூடும். ஜிம்னியின் 105 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது சிக்னலுக்குச் சிக்னல் தெரியும், பிரேக்குக்கும் தெரியும். வாராவாரம் முள்ளுக்காட்டிலும் பாறையிலும் ஓட்டுகிறவர் 6 ப்ளை வரை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்டு லோடு, அதாவது அந்தச் சாதாரண டயரே போதும்.

அடுத்தது, தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்குப் பட்டன் டயர், அதாவது சேற்றுக்கென்றே செய்த எம்.டி. (மட் டெரெய்ன்) டயர் போடுவது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக் களிமண்ணில் எம்.டி. தன் இடுக்கில் சேரும் சேற்றைத் தானே உதறிவிடும், எல்லாத் தரைக்கும் பொதுவான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் அடைத்துக்கொண்டு வழுக்கும். உண்மைதான். ஆனால் அந்தக் களிமண்ணில் நாம் எத்தனை நாள் இருக்கிறோம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஜி.எஸ்.டி. ரோட்டில்தானே இருக்கிறோம். நனைந்த தார், மேம்பாலத்தின் இரும்பு இணைப்புகள், ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட் எல்லாவற்றின் மீதும் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கடையில் டயரைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு ரப்பர் கட்டையின் மேலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா? தண்ணீர்ப் படலத்தை உடைத்து ரப்பரைத் தரையில் ஒட்ட வைப்பவை அவைதான். எம்.டி. டயர் பலவற்றில் அவை பெயருக்குத்தான் இருக்கும். ஏ.டி. டயரிலும் ஒரு விசிட்டிங் கார்டின் முனையைச் செருகி ஆழம் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் டயர் பாதி தேய்வதற்குள் கோடு மறைந்துவிடும். மழை நாளில் அந்த டயரை நம்ப முடியாது. விலை, பிராண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்.

மணலுக்கும் எம்.டி. சரிவராது, கிளறிக்கொண்டு உள்ளே இறங்கும். அப்புறம், ஈ.சி.ஆர். கடற்கரை மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம். ஜனவரி தொடங்கி ஆமைகள் வந்து முட்டையிடும் கரை அது.

அளவு விஷயத்துக்கு வருவோம். ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயரின் உயரம் 693 மி.மீ. பலர் ஆசைப்படும் 235/75 ஆர் 15-இன் உயரம் 733 மி.மீ.க்கு மேல். சுற்றளவு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுகிறது. கியர் எல்லாம் அந்த அளவுக்கு மந்தமாகும், மீட்டர் உண்மையான வேகத்தையும் தூரத்தையும் குறைத்துக் காட்டும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புவதில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழை. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசவும் கூடும். அகலம் கூடினால் வேறொரு சிக்கல்: அதே லேசான எடை பெரிய பரப்பில் பரவுவதால், தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது டயர் சீக்கிரமே தரைப் பிடியை விட்டு நீர் மேல் மிதக்கத் தொடங்கும். கொஞ்சம் உயரம் வேண்டுமென்றால் 215/75 ஆர் 15 போதும், வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல டயரையும் கெடுப்பது காற்று. பெட்ரோல் பங்கில் "35 வெச்சிடவா சார்?" என்று கேட்டால் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். லேசான வண்டிக்கு அது பெரும்பாலும் அதிகம். டயரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு அதன்படி பாருங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் சாக்பீஸால் டயரின் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டு, சமமான தரையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரத்திலும் மட்டும் அழிந்தால் குறைவு.

மணலிலும் சேற்றிலும் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் கம்ப்ரெசர் வாங்காமல் காற்றை இறக்காதீர்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுவது இந்த வண்டிகளுக்கு ஆகாது. 4x4-இல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில் போட்டதும் முன், பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. உயரம் வேறுபட்டால் கியர் பெட்டியும் அச்சும் அந்த இழுவையைத் தாங்க வேண்டிவரும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கி, ஐந்தையும் சுழற்சியில் ஓட்டுங்கள்.

பில் போடும் முன் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-இன் 23-ஆவது வாரம் செய்த டயர். நம் ஊர் வெயிலில் குடோனில் கிடந்த ரப்பர் ஓடாமலேயே இறுகும். ஆஃப்-ரோடு அளவுகள் மெதுவாக விற்பவை என்பதால் பழைய சரக்கு வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால், புது சரக்கு வந்ததும் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள்.