காய்ச்சல் விட்ட பின்னும் விடாத களைப்பு: ஒவ்வொரு நாளையும் அளந்து வாழ்வது எப்படி?

டெங்கு, சிக்குன்குனியா, கொவிட் போன்ற நோய்கள் திருகோணமலைக்குப் புதியவை அல்ல. காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டுவிடும். ஆனால் சிலருக்கு, குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டும் போலிருக்கும் ஒரு களைப்பு மாதக்கணக்கில் தொடரும். எவ்வளவு நித்திரை கொண்டாலும் தீராத இந்தக் களைப்புக்கும் சோம்பலுக்கும் தொடர்பில்லை.

எனினும் எல்லாவற்றையும் பழைய காய்ச்சலின் தலையில் கட்டிவிடக் கூடாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, சிறுநீரக நோய், மனச்சோர்வு ஆகியவையும் இதே போன்ற களைப்பைத் தருவதால், முதலில் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சு நோ, மூச்சுத்திணறல், மயக்கம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

இந்தக் களைப்பில் பலரை ஏமாற்றுவது அதன் தாமதம். உழைப்புக்கான தண்டனை பெரும்பாலும் 12 முதல் 48 மணித்தியாலங்களுக்குப் பிறகே வந்து சேர்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை ஏற்றத்தில் நடந்து சென்றவர் அன்றிரவு நன்றாகவே இருப்பார். ஞாயிறு காலை எழும்ப முடியாமல் கிடக்கும்போது, வீட்டார் சனிக்கிழமை சாப்பிட்ட இறாலைக் குறை சொல்வார்கள். ஆகவே இரண்டு கிழமைகளுக்கு, செய்த வேலைகளையும் மறுநாள், அதற்கடுத்த நாள் இருந்த நிலையையும் நாட்காட்டியிலேயே சுருக்கமாக எழுதி வாருங்கள். எந்த வேலை உங்களை வீழ்த்துகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

உங்கள் அளவு தெரிந்தபின், களைத்து விழுந்து படுப்பதற்குப் பதிலாகக் களைப்பு வருமுன்னரே படுக்கப் பழக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில், தேங்கிக் கிடந்த உடுப்புகளை எல்லாம் ஒரே மூச்சில் தோய்த்துவிட ஆசை வரும். அந்த ஆசைதான் அடுத்த மூன்று நாட்களையும் கெடுக்கிறது. இன்று சேலைகளைத் தோய்த்தால் படுக்கை விரிப்புகள் நாளை மறுநாளுக்கு இருக்கட்டும். மீனைச் சந்தையிலேயே வெட்டி வாங்குங்கள், மரக்கறியை இருந்தபடியே நறுக்குங்கள், குளிக்கும்போது ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவுக்குப் புட்டு அவிக்காமல் கடையில் இடியப்பம் வாங்கினால் குடும்பத்தின் மானம் போய்விடாது.

மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று அனலாக வீசும் காலத்தில் இந்த அளவு இன்னும் சுருங்கும். வெளிவேலைகளைக் காலை எட்டு மணிக்கு முன் முடித்து, நண்பகலில் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுபவர்கள் நீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். உப்பைக் கூட்டுவது சிலருக்கு உதவினாலும், இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் கூட்டக் கூடாது.

“எழும்பி நடந்தால் எல்லாம் சரியாகும்” என்று சொல்லாத உறவினர் இல்லை. உழைப்புக்குப் பின் நிலை மோசமடையாதவர்களுக்கு மெதுவான நடை உதவக்கூடும். மோசமடைபவர்களுக்கு அதே அறிவுரை தீங்காகலாம். நீடித்த களைப்பு நோய்க்கான இங்கிலாந்தின் 2021 ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியும், முன்கூட்டியே நிர்ணயித்த படிகளில் உடற்பயிற்சியைக் கூட்டிச் செல்லும் சிகிச்சையை வழங்க வேண்டாம் என்றே கூறுகிறது. நடக்க இயலுமானவர்களும், கடற்கரை மணல் கால்களை இழுக்கும் என்பதால், சமதரையான வீதியில் தொடங்குவது நல்லது.

பேச்சும் உழைப்பே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. வருத்தம் பார்க்க வருபவர்கள் அன்போடுதான் வருகிறார்கள், ஆனால் தேநீர் ஊற்றி, நோயின் கதையை நான்காம் முறையாகச் சொல்லி, வாசல் வரை சென்று வழியனுப்பும்போது அன்றைய சக்தி முடிந்துவிடுகிறது. அரை மணித்தியாலத்துக்குப் பின் நீங்கள் படுக்க வேண்டும் என்பதை, வந்தவுடனேயே வீட்டிலுள்ள வேறொருவர் சொல்லிவிடட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் வீழ்வீர்கள். அப்போது வேலைகளை அரைவாசிக்கும் கீழே குறைத்து, பழைய அளவுக்குத் திரும்பும் வரை பொறுத்திருங்கள். இரண்டு மூன்று கிழமைகள் வீழாமல் கடந்த பின்னரே ஏதாவது ஒரு சிறு வேலையைக் கூட்டலாம். ஒரே நேரத்தில் இரண்டைக் கூட்டினால், எது உங்களைப் படுக்க வைத்தது என்பது நாட்காட்டியைப் பார்த்தாலும் விளங்காது.