ஊட்டியில் திறந்த கூரை கார் வைத்திருப்பவர்களுக்கு

நான்கு பேர் உட்காரும் கன்வர்டிபிள் நீலகிரிக்கு ஒத்துவராது என்று பலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், ஆனால் துணிக் கூரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். நனைந்த கூரையை மடித்து வைக்காதீர்கள். இங்கே ஈரம் சீக்கிரம் காயாது, மடிப்புக்குள் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் அந்த வாடை போகவே போகாது. அவசரத்துக்கு மடித்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் விரித்து, கொட்டகைக்குள் நிறுத்திக் காயவிடுங்கள்.

கூரை ஓரத்து வடிகால் துளைகளில் சில்வர் ஓக் இலையும் யூகலிப்டஸ் சருகும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வருமுன் ஒருமுறை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருந்தால் அக்டோபருக்கு முன் இன்னொருமுறை சுத்தம் செய்யுங்கள். மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது. மெர்சிடிஸ் சிஎல்இ கேப்ரியோலே மாதிரி வண்டியில் 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே 20 விநாடியில் கூரையை மூடிவிடலாம், அது இங்கே பெரிய வசதி.

பின்சீட் குழந்தைகளுக்குச் சரி, குளிர்காற்று முழுக்க அங்கேதான் அடிக்கும், குல்லாவும் ஸ்வெட்டரும் கட்டாயம். கூரையைத் திறந்தால் அது டிக்கிக்குள் மடிந்துகொள்ளும், சாமான் வைக்கும் இடமும் குறைந்துவிடும். மேட்டுப்பாளையம் இறக்கத்தின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். வழியில் குரங்குகள் இருக்கும் இடத்தில் திறந்தபடி நிறுத்தவே கூடாது. முதுமலைக்குள் கூரை மூடியே இருக்கட்டும், யானை நடமாடும் சாலை அது.