தம்பி வாங்கிய கடனுக்கு உங்கள் ஃபிரிட்ஜ் போகாமல் இருக்க: படிப்படியான விளக்கம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் ஒரே வீட்டில் அம்மா, இரண்டு மகன், ஒரு மருமகள் என்று இருப்பது சாதாரணம். கடன் ஒருவர் பெயரில் இருக்கும். ஃபிரிட்ஜை வாங்கியவர் இன்னொருவர். ஜப்திக்கு வருகிறவருக்கு இது தெரியாது. கடன் வாங்கியவர் குடியிருக்கும் வீட்டில் உள்ளதெல்லாம் அவருடையது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். கடனுக்குப் பொறுப்பு, வாங்கியவரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் மட்டுமே. மனைவியின் சொத்து மனைவிக்கே என்று 1957ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சட்டம் சொல்கிறது. ஆனால் காகிதம் இல்லாத உரிமை, ஜப்தி நாளில் வெறும் வாய்ப்பேச்சு.

1. வந்திருப்பவர் யார்?

கடன் வசூல் ஏஜென்சி ஆட்களுக்கு வீட்டுக்குள் நுழையவோ, ஒரு கரண்டியைக்கூட எடுக்கவோ அதிகாரம் கிடையாது. கேட்டுக்கு வெளியிலேயே பேசி அனுப்புங்கள். ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) ஆட்கள் என்றால் பேச்சே வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். பொருளை ஜப்தி செய்யக்கூடியவர், நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அதிகாரியான பெய்லிஃப் ஒருவர்தான். அவரிடம் அடையாள அட்டையும் 'ரிட் பெஞித்தாஅன் டான் பெஞ்ஜுவாலான்' என்ற, ஜப்தி செய்து விற்பதற்கான ஆணையும் இருக்கும். கூடவே பேங்க் வக்கீலின் ஆள் ஒருவர் வருவது வழக்கம். இதை எடு, அதை எடு என்று கை காட்டுபவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

2. பொருளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்கென்று ஆப் எதுவும் வேண்டாம். பள்ளிப்பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்று, தெளிவான பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் ஒன்று போதும். ஒரு பொருளுக்கு ஒரு வரி: பிராண்ட், மாடல், சீரியல் எண், வாங்கிய கடை, தேதி, விலை, பணம் கட்டியவர். சீரியல் எண் ஃபிரிட்ஜுக்குப் பெரும்பாலும் உள்பக்கச் சுவரில், டிவிக்கும் வாஷிங் மெஷினுக்கும் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில். ஸ்டிக்கரைக் கிட்டத்தில் ஒரு படம், பொருள் முழுதாகத் தெரிய ஒரு படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி எண் மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஃபைலை அதே வீட்டில் வைக்காமல் அக்கா வீட்டிலோ சித்தி வீட்டிலோ வையுங்கள்.

3. ரசீதைப் பெயரோடு கட்டுவது

கடை ரசீதில் பாதிக்கு மேல் வாங்கியவர் பெயரே இருக்காது. 'கேஷ்' என்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படியானால் கார்டோ இ-வாலட்டோ வழியாகப் பணம் போனதற்கான பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சேர்த்து வையுங்கள். தேதியும் தொகையும் ரசீதோடு ஒத்துப்போனால் அதுவே ஆதாரம். பேங்க் ஆப்பில் பழைய மாதங்கள் காணாமல் போகும் என்பதால் பிடிஎஃப்பாக இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் வாங்கியதற்கு ஆர்டர் பக்கத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும், அதையும் சேமியுங்கள். வாரண்டி கார்டைக் காலியாக விடாதீர்கள், வாங்கிய அன்றே உங்கள் பெயரை எழுதிக் கடை முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று. வழவழப்பான வெப்பத்தாள் ரசீது ஒன்றிரண்டு வருடத்தில் வெள்ளைத்தாளாகிவிடும், அதுவும் நம் ஊர் வெயிலில் தகரக்கூரையின் கீழ் இன்னும் சீக்கிரமாக. வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து மூலத்தோடு பின் செய்யுங்கள்.

ரசீதே இல்லாத சாமான்களுக்கு, அவை அம்மா கொடுத்த சீராகவோ திருமணப் பரிசாகவோ இருந்தால், 'சூராட் அகுவான் பெர்கானுன்' ஒன்றைப் பிரமாண ஆணையரிடம் போய் எழுதிக் கையெழுத்திடுங்கள். இது 1960ஆம் ஆண்டு சட்டப்படியான பிரகடனம். பொய் சொன்னால் குற்றம். பிரச்சினை வருமுன் எழுதியதற்கு இருக்கும் மதிப்பு, பெய்லிஃப் வந்து போன மறுநாள் எழுதியதற்கு இருக்காது.

4. ஜப்தி நாள்

மல்லுக்கு நிற்காதீர்கள், நீதிமன்ற அதிகாரியைத் தடுப்பது தனிக் குற்றமாகிவிடும். ஃபைலைக் காட்டி, இது இன்னாருடையது என்று பொருள் பொருளாகச் சொல்லுங்கள். ஆணையில் உள்ள வழக்கு எண், வாதியின் (வழக்குப் போட்ட பேங்கின்) வக்கீல் நிறுவனம், பெய்லிஃப் எந்த நீதிமன்றத்திலிருந்து வந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கும் பொருள்களின் பட்டியலில் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பொருளுக்கு என்ன வரிசை எண் என்பது அடுத்த படிக்கு முக்கியம்.

5. உரிமைக் கோரிக்கைக் கடிதம்

பலர் தோற்பது இங்கேதான். வாசலில் வாயால் சொன்னதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஏல நோட்டீஸ் வந்த பிறகுதான் ஓடுகிறார்கள். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 17வது ஆணைப்படி, பொருள் என்னுடையது என்று சொல்பவர் ஷெரீஃபுக்கு, அதாவது ஜப்தியை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரிக்கு, நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதில் தம் முகவரியும் இருக்க வேண்டும்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். மேலே வழக்கு எண், வாதி பெயர், பிரதிவாதி பெயர், ஜப்தி தேதி. அடுத்து உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கடிதம் வந்து சேரக்கூடிய முகவரி, பிரதிவாதிக்கு நீங்கள் என்ன உறவு. பிறகு பொருள்கள்: பட்டியல் எண், பிராண்ட், சீரியல் எண், எப்போது எப்படி வாங்கியது, எந்த இணைப்பு ஆதாரம். 'வீட்டில் உள்ள எல்லாம் என்னுடையது' என்று ஒரே வரியில் எழுதினால் எடுபடாது. தம்பியின் பொருளையும் சேர்த்து உங்களுடையது என்றால் உண்மையாக உங்களுடையதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எங்கே கொடுப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பேங்க் கோலாலம்பூரில் வழக்குப் போட்டிருக்கலாம். ஜப்திக்கு வந்தவர் பேராக்கில் உள்ள நீதிமன்றத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். ஆணையின் தலைப்பைப் பார்த்துக் கோலாலம்பூருக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் நாள் போய்விடும். பொருளை எடுத்த பெய்லிஃபின் நீதிமன்றக் கவுண்டரில் நேரில் கொடுங்கள். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். வாதியின் வக்கீலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

வாதி ஒப்புக்கொண்டால் பொருள் விடுவிக்கப்படும். மறுத்தால் யாருக்கு உரிமை என்பதை நீதிமன்றம் விசாரிக்கும், அங்கே உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும். அந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். செலவுக்கு முடியாவிட்டால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

செய்யக்கூடாதது

ஆணை வந்த பிறகு தம்பியின் பொருளை அண்ணன் பெயருக்கு மாற்றுவது, பழைய தேதி போட்டு ரசீது எழுதி வாங்குவது, இரவோடு இரவாக லாரியில் ஏற்றுவது. ஜப்தியைத் தவிர்க்கப் பொருளை மறைப்பது தண்டனைச் சட்டத்தின் 206ஆம் பிரிவில் குற்றம். கடை முதலாளி தெரிந்தவர்தானே என்று பழைய தேதி ரசீது கேட்டால் அவரையும் மாட்டிவிடுகிறீர்கள்.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் கேள்விகள்

*மோட்டார் சைக்கிள்.* பணம் நீங்கள் கட்டினீர்கள், ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறைப் பதிவில்) தம்பி பெயர் என்றால் நிலைமை கஷ்டம். மாதத் தவணையை உங்கள் கணக்கிலிருந்து கட்டிய ஆதாரம் இருந்தால் கோரிக்கையில் சேருங்கள், ஆனால் நிச்சயம் என்று நம்பாதீர்கள். வாடகைக் கொள்முதலில் இன்னும் தவணை ஓடும் வண்டி நிதி நிறுவனத்துக்குச் சொந்தம். அவர்களுக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

*நகை.* தாலியும் வளையலும் உங்களுடையது என்றால் நகைக்கடை பில்லில் எடையும் உங்கள் பெயரும் இருக்கட்டும். அடகு வைப்பதானால் உங்கள் அடையாள அட்டையிலேயே வையுங்கள். அண்ணன் போய் வைத்தால் அடகுச்சீட்டு அவர் பெயரில் வரும், பின்னால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

*பேங்க் கணக்கு.* கடன் வாங்கியவரோடு கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் உங்கள் சம்பளத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள், முடிந்தால் அவர் கடன் வாங்கிய பேங்க் அல்லாத வேறு பேங்கில். இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) இருக்கும் பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் ஜப்தி செய்ய முடியாது.

*ஜாமீன்.* தம்பியின் கடனுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் கடன் உங்களுடையது அல்ல என்ற மேலே சொன்ன வாதம் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஃபிரிட்ஜும் கணக்கில் உண்டு. அப்படியானால் ஃபைலைத் தூக்குமுன் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஏகேபிகேயிடம் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.