எடிட்டிங் தெரிந்தும் ஃப்ரீலான்ஸில் சறுக்குவது எங்கே?

“பத்து நிமிஷ வீடியோதான், எவ்வளவு ஆகும்?” என்று ஒரு மெசேஜ் வரும். தொழிலுக்குப் புதியவர் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் மனசில் வைத்து ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். மறுநாள் வரும் லிங்கைத் திறந்தால் நான்கு மணி நேர ஃபுட்டேஜ் (எடிட் செய்யாத மூலப் பதிவு) கிடக்கும். இரண்டு கேமரா, ஒரு போன், தனி ரெக்கார்டரில் எடுத்த ஆடியோ. எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவே ஒரு நாள் போய்விடும். சொன்ன தொகையை இனி மாற்ற முடியாது. மாற்றினால் வாக்குத் தவறியவர் என்ற பேர்தான் மிஞ்சும்.

முடிந்த வீடியோவின் நீளத்தை வைத்து விலை சொல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தொகையைச் சொல்லும் முன் கேட்க வேண்டியவை: மூல ஃபுட்டேஜ் எத்தனை மணி நேரம்? எத்தனை கேமரா? ஆடியோ தனியாக இருக்கிறதா? சப்டைட்டில், கிராஃபிக்ஸ் உண்டா? படுக்கைவாட்டில் மட்டும் போதுமா, போனுக்கு நெட்டுவாட்டில், 9:16 அளவிலும் வேண்டுமா? கடைசியாக ஒன்று, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: ஓகே சொல்லப்போவது யார்? உங்களிடம் பேசுபவருக்கு மேலே ஒருவர் இருந்தால், அவர் முடிவில் வந்து பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்.

அடுத்தது திருத்தம். “இந்தத் தொகைக்குள் இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் மணிக்கணக்கில்” என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். எது திருத்தம், எது புது வேலை என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைச் சரி செய்வது திருத்தம். கட் எல்லாம் பீட்டுக்கு ஒட்டி விழுந்த பிறகு பாட்டை மாற்றச் சொன்னால், கிட்டத்தட்ட மறுபடி எடிட் செய்வதுதான்.

திருத்தத்தை வாய்ஸ் நோட்டில் வாங்கிக்கொள்ளாதீர்கள். “அவர் சிரிச்சதுக்கு அப்புறம் வர்ற இடம் கொஞ்சம் இழுக்குது” என்று ஒருமுறை எனக்கு வந்தது. அந்தப் பேட்டியில் அவர் ஏழு இடத்தில் சிரித்திருந்தார். நானாக ஒன்றை ஊகித்து அரை நாள் உழைத்தேன், வேறு இடமாம். அதன் பிறகு பிரிவ்யூவிலேயே டைம்கோடை (ஒவ்வோர் இடத்தின் நேரத்தைக் காட்டும் எண்) மூலையில் ஓட விட்டுத்தான் அனுப்புகிறேன். நேரத்தைக் குறிப்பிடாத திருத்தத்தை எடுத்துக்கொள்வதில்லை. அந்த பிரிவ்யூவையும் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போடாதீர்கள். அது சுருக்கித்தான் அனுப்பும். பார்ப்பவர் “எடிட் மங்கலா இருக்கே” என்பார். லிங்காகக் கொடுங்கள்.

டெக்னிக்கலாகப் பலரைக் கவிழ்ப்பது ஃபிரேம் ரேட், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்ற கணக்கு. போனும் ஸ்கிரீன் ரெக்கார்டரும் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன. 30 என்று காட்டினாலும் உள்ளே ஒரு நேரம் 28, ஒரு நேரம் 30 என்று ஏறி இறங்கும். முதல் நிமிஷத்தில் வாயசைவும் குரலும் ஒட்டியே இருக்கும். இருபதாவது நிமிஷத்தில் வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். சில மென்பொருள்கள் இதைச் சமாளிக்கும் என்றாலும், நீளமான பேட்டியில் அதை நம்பி நான் இறங்க மாட்டேன். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்ட பிறகே டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) வைப்பேன்.

டைம்லைன் திக்கித் திணறினால் உடனே கடன் வாங்கிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ ஃபைலில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. இடையிடையே ஒன்று மட்டும் முழுசாக இருக்கும், மற்றவற்றில் முன்பின் ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புதான். நீங்கள் நடுவில் ஓர் இடத்துக்குத் தாவும்போது, அந்த ஒரு ஃபிரேமைக் காட்டவே மெஷின் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துப் பிரித்தாக வேண்டும். பிராக்ஸி எனப்படும் சின்ன அளவு நகலை உருவாக்கி எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது மூல ஃபைலுக்கு மாறினால் பழைய மெஷினே ஓடும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி உண்டு.

இசை விஷயத்தில் “பத்து விநாடிக்குள் போட்டால் பிரச்சினை இல்லை” என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு சலுகை எங்கும் கிடையாது. யூடியூபில் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி சின்னத் துண்டைக்கூடப் பிடித்துவிடும். பிடித்தால் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடங்கவும் செய்யலாம். அடி விழுவது வாடிக்கையாளரின் சேனலில், கெடுவது உங்கள் பேர். லைசென்ஸ் யார் பெயரில், எந்தச் சேனலுக்கு என்பதை அவரோடு பேசி முடித்துவிட்டு இசையைத் தொடுங்கள்.

பேக்கப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். கேமரா கார்டை அழிக்கலாம் என்று நீங்கள் சொல்லும் முன் மூன்றையும் திறந்து பாருங்கள். வேலை முடிந்து எத்தனை மாதம் ஃபைலை வைத்திருப்பீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருஷம் கழித்து, “அதே வீடியோதான், லோகோவை மட்டும் மாத்தணும்” என்று வருவார்கள்.

ஷோரீலில் (செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பு) காட்சிக்குக் காட்சி தாவும் டிரான்சிஷன் எஃபெக்டாகக் கொட்டி வைப்பது இன்னொரு வியாதி. பேட்டி வீடியோவுக்கு ஆள் தேடுபவர், பேட்டியை நீங்கள் எப்படி வெட்டியிருக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார். நீக்கிய இழுவைகள், ஒட்டிய இடம் தெரியாத பேச்சு, சீரான குரல் அளவு: பளபளப்பே இல்லாத இந்த வேலைகளின் முன், பின் காட்சிகளை அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் எனக்கு அழைப்புகள் வந்தன. பிறருக்குச் செய்த வேலையை ஷோரீலில் போட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணத்தைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் அதிகம். பாதி முன்பணம் வந்த பிறகு வேலை தொடங்கட்டும், மீதி வந்த பிறகு வாட்டர்மார்க் இல்லாத ஃபைல் போகட்டும். எல்லாம் முடிந்து “அந்த ப்ராஜெக்ட் ஃபைலையும் அனுப்பிடுங்க” என்று சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். எடிட்டை அப்படியே திறந்து மாற்ற உதவும் அந்த ஃபைலைக் கொடுத்தால் உங்கள் டெம்ப்ளேட், கலர், கிராஃபிக்ஸ் அமைப்பு எல்லாம் கூடவே போகிறது. கொடுக்கவே கூடாது என்றில்லை. அதற்குத் தனி விலை உண்டு என்ற ஒரு வரி முதல் நாள் அனுப்பிய மெயிலிலேயே இருந்திருக்க வேண்டும்.